ஆடியவர் பேசட்டும்

இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டங்களைக் கண்விழித்துப் பார்க்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்தே நிமிடத்தில் பேச்சு ஆட்டத்தை விட்டு வர்ணனைக்கு வந்துவிடும். “அந்த ஆள் வாயைத் திறந்தாலே டிவியை மியூட்டில் போட்டுடுவேன்” என்பார்கள். அந்த ஆள் பெரும்பாலும் முன்னாள் வீரராகத்தான் இருப்பார். பழைய கிளப்புக்கு வக்காலத்து வாங்குகிறார், நமக்கே தெரிவதைத் திருப்பிச் சொல்கிறார், பயிற்சியாளராகத் தோற்றுவிட்டு இங்கே வந்து பாடம் எடுக்கிறார், சொன்ன கணிப்பும் பலிப்பதில்லை என்று குற்றங்களை அடுக்குவார்கள். ஆடி ஓய்ந்தவர்களுக்கு மைக் எதற்கு என்று முடிப்பார்கள். பல ஆண்டுகளாகக் கேட்கிறேன். என்னால் ஏற்க முடியவில்லை.

பாரபட்சத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பழியை அதிகம் சுமப்பவர் கேரி நெவில். மான்செஸ்டர் யுனைடெட் தவிர வேறு எந்தக் கிளப்புக்கும் ஆடாதவர், 602 ஆட்டங்கள். 2011இல் ஓய்வு பெற்று அதே ஆண்டு ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 24, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. செல்சியின் கேப்டன் ஜான் டெர்ரி முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டார். பத்துப் பேரோடு செல்சி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மெஸ்ஸி அடித்த பெனால்டி மேல்கம்பத்தில் மோதித் திரும்பியது. இஞ்சுரி டைமில் ஃபெர்னாண்டோ டோரஸ் தன்னந்தனியாகப் பந்தோடு ஓடி, கோல்கீப்பர் வால்டெஸைச் சுற்றிக்கொண்டு போய் வலைக்குள் தள்ளினார். துணை வர்ணனையில் இருந்த நெவிலின் தொண்டையிலிருந்து அப்போது ஒரு நீண்ட ஓலம் எழுந்தது. அதில் சொல்லே இல்லை.

அந்த ஓலத்தைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது பாரபட்சப் புகாருக்கான நேரடிப் பதில். செல்சி, யுனைடெட்டோடு கோப்பைக்கு மோதும் அணி. டோரஸோ அதற்கு முன் லிவர்பூலின் நட்சத்திரம். யுனைடெட்காரர்களுக்கு லிவர்பூல் என்றால் பரம்பரைப் பகை. கிளப் பாசம் பேசியிருந்தால் நெவில் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். அன்று அலறியது, தோற்றுப்போகும் என்று நினைத்த அணி எழுந்து நிற்பதன் அருமையை உடம்பால் அறிந்த ஒரு டிஃபெண்டர்.

பத்திரிகையாளருக்கும் சின்ன வயதில் ஒரு கிளப் இருந்திருக்கும். அது எதுவென்று நமக்குத் தெரியாது. முன்னாள் வீரரின் சட்டை நிறம் ஊருக்கே தெரியும். சாய்வு இருந்தால் கழித்துக்கொண்டு கேட்கலாம். யுனைடெட் ரசிகர்களில் பலர் நெவில் தங்கள் அணியிடம் மட்டும் கடுமையாக இருக்கிறார் என்று கோபப்படுகிறார்கள். லிவர்பூலுக்காக 737 ஆட்டங்கள் ஆடிய ஜேமி கேரகர் மீதும் இரு பக்கத்திலிருந்தும் இதே புகார் வருகிறது. இரு தரப்பும் ஒரே ஆளைக் குறை சொல்கிறதென்றால், சாய்வு எங்கே இருக்கிறது என்று ரசிகராகிய நாமும் யோசிக்க வேண்டும்.

“பார்த்ததையே சொல்கிறார்கள்” என்பது அடுத்த குற்றச்சாட்டு. நாம் எதைப் பார்க்கிறோம்? கேமரா பந்தோடு ஓடுகிறது. களத்தில் இருக்கும் 22 பேரில் பலர் திரையில் இருப்பதில்லை. கோல் விழுந்ததும் நாம் திட்டுவது கோல்கீப்பரை, அல்லது கடைசியாகக் காலை நீட்டியவரை. பல வருடம் நானும் அப்படித்தான் திட்டினேன். ‘மண்டே நைட் ஃபுட்பால்’ நிகழ்ச்சியில் நெவிலும் கேரகரும் காட்சியை நான்கைந்து விநாடி பின்னால் இழுத்து நிறுத்திக் காட்டிய பிறகுதான் வேறு இடத்தைப் பார்க்கப் பழகினேன். சென்டர் பேக் பந்தை நோக்கி முன்னே போகும்போது, பக்கத்தில் இருக்கும் ஃபுல் பேக் உள்ளே நகர்ந்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். ஒரு காட்சியில் அந்த ஃபுல் பேக் இரண்டு அடி தள்ளி நின்றுவிட்டார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி வைக்காமல் பந்தை நேராகப் பார்த்து நின்றதால், முதுகுப் பக்கம் ஓடியவரைக் கவனிக்கவில்லை. கோல் அங்கேயே விழுந்துவிட்டது. வலை குலுங்கியது பிறகு. இதைப் புத்தகம் படித்தும் கற்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் மனசு ஏன் தப்பான பக்கம் போகிறது என்பதை, அதே தப்பைச் செய்து அதற்காக ஏச்சு வாங்கியவர் சொல்லும்போது வேறு மாதிரி புரிகிறது.

நெவிலின் வாலென்சியா கதையைச் சொல்லாமல் இந்த விவாதம் முடியாது. 2015 டிசம்பரில் அந்த ஸ்பானிய அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 16 லீக் ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றார். பார்சிலோனாவிடம் 7-0 என்று நொறுங்கினார். மார்ச் முடிவதற்குள் வேலை போயிற்று. “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்று நம்மவர்களும் சொன்னார்கள். ஒரு தவறைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. 25 வீரர்களை, அதுவும் மொழி தெரியாத ஊரில், அதைத் திருத்திக்கொள்ள வைப்பது முற்றிலும் வேறு திறமை. வாலென்சியாவில் தோற்றது அந்த இரண்டாவது. தலைகீழ் உதாரணமும் உண்டு: தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடாத அரிகோ சாக்கி, 1989, 1990 இரண்டு ஆண்டும் மிலான் அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தார்.

கணிப்புப் புகாருக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆள், முன்னாள் லிவர்பூல் வீரர் ஆலன் ஹேன்சன். 1995 ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவிடம் யுனைடெட் 3-1 என்று தோற்ற அன்று, சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று பிபிசியில் சொன்னார். அந்தப் பையன்களில் ஒருவர் இதே கேரி நெவில். அந்தப் பருவத்தில் லீக், எஃப்ஏ கோப்பை இரண்டையும் யுனைடெட் தூக்கியது. தடையில் இருந்த யுனைடெட் நட்சத்திரம் கேன்டொனா அக்டோபரில் திரும்பி வந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கோலை மட்டுமே கொண்டாடிய பிபிசியின் ‘மேட்ச் ஆஃப் த டே’ நிகழ்ச்சியில், அந்தக் கோலுக்கு வழிவிட்ட தற்காப்பைப் பிரித்துக் காட்டி ஒரு தலைமுறைக்கே பார்க்கக் கற்றுத்தந்தவர் ஹேன்சன். அவரை ஒரே வாக்கியத்தில் அடக்குவது அநியாயம்.

அதே நிகழ்ச்சியின் அப்போதைய தொகுப்பாளரும் முன்னாள் வீரருமான கேரி லினேகரை 2023 மார்ச்சில் பிபிசி நிறுத்திவைத்தபோது சக ஆய்வாளர்கள் வர மறுத்தார்கள். ‘மேட்ச் ஆஃப் த டே’ 20 நிமிடம் பேச்சே இல்லாமல் ஓடியது. இதுவே நன்றாக இருக்கிறது என்றார்கள் சிலர். அன்று வர்ணனையாளர்களும் வரவில்லை. ஆகவே அது முன்னாள் வீரர்களைப் பற்றி எதையும் நிரூபிக்காது. வீரர்கள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதும் தப்பு. ஆட்டத்தின் ஓட்டத்தைச் சொல்லும் முதல் நாற்காலியில் ஜான் மோட்சன், பாரி டேவிஸ், பீட்டர் டிரூரி என்று தொழில்முறையில் ஆடாதவர்களே தொடர்ந்து உட்கார்ந்து வந்திருக்கிறார்கள்.

ரசிகர்களின் எரிச்சலில் ஒரு நியாயம் உண்டு. பெயரை மட்டும் நம்பி, வீரர்களின் பெயரைக்கூடச் சரியாகப் படிக்காமல் வந்து உட்காரும் முன்னாள் நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். எனக்கும் அவர்கள் வேண்டாம். ஆனால் நன்றாகத் தயாராகி வருபவர்களையும் விட்டோமா? 2018 உலகக் கோப்பையில் அலெக்ஸ் ஸ்காட் பிபிசியின் ஆய்வாளராக வந்தார். இங்கிலாந்துப் பெண்கள் அணிக்காக 140 ஆட்டங்கள் ஆடியவர். பெண்கள் ஆட்டம் ஆடியவருக்கு ஆண்கள் ஆட்டம் என்ன தெரியும் என்று கேட்டார்கள். வீரர்களே வேண்டாம் என்று என்னிடம் வாதாடிய சிலரும் அப்போது, இவர் போதுமான அளவு வீரர் இல்லை என்றார்கள். 140 போதாதென்றால் எத்தனை போதும் என்று கேட்டேன். இன்றுவரை யாரும் ஒரு எண்ணைச் சொல்லவில்லை.