கறுப்பு அங்கி யாருக்கு?

ஆலைத் தோழனின் மகனுக்கும் மகளுக்கும் வழக்கறிஞர் அங்கி எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கே அது வேண்டும் என்கிறோம் நாம்!

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றின் வாயிலில் 2008 முதல் 'கிளாட்' என்னும் ஆங்கில நுழைவுத் தேர்வு காவல் நிற்கிறது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் மூன்றாண்டுப் படிப்புக்கோ பட்டப் படிப்பில் பெறும் மதிப்பெண்ணே திறவுகோல்! ஆகவே, கல்லூரியில் கால்வைத்த முதலாண்டே ஆயத்தம் தொடங்கட்டும்.

2006-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும், சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாகவில்லை. அந்தப் போர் ஓயாது; அதுவரை ஆங்கிலமும் பயிலட்டும். அரசியல் சட்டத்தையும், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் இப்போதே புரட்டட்டும்.

ஆலை வாயிலில் தந்தை எழுப்பிய குரல், நாளை நீதிமன்றத்தில் ஒலிக்கட்டும்!