பங்கீட்டிலே விளங்கும் தியாகம்

துல்ஹஜ் மாதத்துத் தலைப்பிறை பற்றிய அறிவித்தல் கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து வந்ததும், நமது இல்லங்களிலே ஹஜ்ஜுப் பெருநாளுக்கான ஆயத்தங்கள் ஆரம்பமாகி விடுகின்றன. உழ்ஹிய்யாக் கொடுக்க எண்ணியோர் அன்று முதல், பிராணியை அறுக்கும் வரை, முடி களையாமலும் நகம் வெட்டாமலும் இருப்பர். ஒன்பதாம் நாள், அரபாப் பெருவெளியிலே ஹாஜிகள் கூடி நிற்பதை நினைவுகூர்ந்து, ஊரிலுள்ளோர் நோன்பு நோற்பர். பத்தாம் நாட் காலையிலே குளித்து, உள்ளவற்றுள் நல்ல உடை உடுத்தித் தக்பீர் முழங்கத் தொழுகைக்குச் செல்வர். நோன்புப் பெருநாளன்று சிறிது உண்டுவிட்டுத் தொழச் செல்வது சிறப்பு. ஹஜ்ஜுப் பெருநாளன்றோ தொழுத பின்னர் உண்பதே சிறப்பு.

இத்திருநாளுக்கு மூலமாக விளங்குவது இப்ராஹீம் நபியவர்களின் சரிதை. அச்சரிதையிலே பெற்றோராகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. மகனைப் பலியிடுவதாகக் கனவு கண்ட தந்தை, அதனை மறைத்து மகனை ஏமாற்றி அழைத்துச் செல்லவில்லை. கண்டதை எடுத்துரைத்து, மகனின் கருத்தையும் வினவினார் என்று குர்ஆனின் 37ஆம் அத்தியாயம் கூறுகின்றது. அத்துணைப் பெரிய சோதனையிலும் பிள்ளையிடம் பேசிய தந்தை அவர்.

நம் வீடுகளிலே நிகழ்வது என்ன? சில தினங்கள் கொல்லையிலே கட்டி நிற்கும் ஆட்டுக்குப் பலாவிலை கொடுத்துப் பழகிவிட்ட சிறுவன், பெருநாளன்று கண் கலங்குகின்றான். “ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?” என்று வாப்பா அதட்டி விடுகின்றார். அவன் கண்ணீரிலே குற்றம் யாது? அன்பு வைத்த பொருளைக் கொடுப்பதன்றோ தியாகம்! அதனை அருகிருத்தி விளக்கினால், வீட்டிலுள்ள எல்லோரையும்விட அப்பிள்ளையே பெருநாளின் பொருளை நன்குணர்வான்.

உழ்ஹிய்யாவின் விதிகள் பலரும் அறிந்தவையே. ஓர் ஆடு ஒருவருக்கு. ஒரு மாட்டிலே எழுவர் பங்கு கொள்ளலாம். குருடு, நொண்டி, நோயுற்றது, எலும்புந் தோலுமாய் மெலிந்தது ஆகியவை ஆகா. பெருநாட் தொழுகைக்குப் பின்னரே அறுத்தல் வேண்டும். பதின்மூன்றாம் நாள் சூரியன் மறையும் வரை அதற்குத் தவணையுண்டு. இறைச்சியையோ தோலையோ விற்றலாகாது. அறுப்பவரின் கூலியாகவும் அவற்றைக் கொடுத்தலாகாது. வீட்டுக்கு ஒரு பங்கு, உற்றார் அயலாருக்கு ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு என மூன்றாகப் பிரிப்பது நெடுங்கால வழக்கம்.

இப்பங்கீட்டிலேதான் நமது உண்மைத் தியாகம் வெளிப்படுகின்றது. நல்ல தசையெல்லாம் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளே புகுந்துகொள்ள, எலும்பும் கொழுப்பும் வாசலில் நிற்கும் ஏழையின் பையிலே விழுமாயின், நாம் எதனைத் தியாகம் செய்தோம்? இறைச்சியும் இரத்தமும் இறைவனுக்குரிய தேவைகளல்ல. உள்ளத்திலுள்ள இறையச்சத்தையே அவன் நோக்குகின்றான் என்பது குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் தரும் போதனை. ஆகவே சகோதரிகளே, பங்கு பிரிக்கும்போது ஏழைக்குரிய பையை முதலிலே நிரப்புங்கள். வாசலுக்கு வரக் கூசும் விதவையின் வீட்டுக்கு, பிள்ளைகளின் கையிலே மூடிக் கொடுத்தனுப்புங்கள்.

கொடுக்க இயலாதோருக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, உழ்ஹிய்யா வசதியுள்ளோருக்கு வலியுறுத்தப்பட்ட சுன்னத்தேயன்றிக் கட்டாயக் கடமையன்று. எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையிலே நின்ற 2022ஆம் ஆண்டிலே, ஆண்டுதோறும் கொடுத்து வந்த எத்தனையோ குடும்பங்கள் கைகட்டி நிற்க நேர்ந்தது. அதிலே வெட்கத்துக்கு இடமில்லை. அயலவர் பேச்சுக்கு அஞ்சிக் கடன்பட்டு ஆடு வாங்குவதுதான் வருந்தத்தக்கது. சென்ற ஆண்டு கொடுத்தவர் இவ்வாண்டு பெறுபவராகலாம். அவருக்குக் கொடுப்போர் அவர் மனம் நோகாவண்ணம் கொடுத்தல் வேண்டும்.

அயலிலே தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் ஊர்களிலே, இன்னுஞ் சற்றுக் கவனம் தேவை. மறைவிடத்திலே அறுத்து, இரத்தத்தையும் கழிவுகளையும் ஆழக் குழிதோண்டிப் புதைத்து, இடத்தைக் கழுவிச் சுத்தமாக்குவது நம் பொறுப்பு. வீதியிலே கழிவு கிடக்குமாயின், மறுநாள் வட்டிலப்பத் தட்டுடன் அவர்கள் வாசலிலே எம்முகத்தோடு நிற்பது?

தேங்காய்ப் பாலும் கித்துள் கருப்பட்டியும் முட்டையும் ஏலமும் சேர்ந்து மணக்கும் அவ்வட்டிலப்பத்தைச் சற்று அதிகமாகவே அவித்து வையுங்கள். பெருநாளன்று கதவைத் தட்டுவோர் எவராயினும், வெறுங்கையோடு திரும்பலாகாது.