குடிகாரன் என்று சொல்லிவிட்டால் போதுமா?

ஆடி ஆடி நடக்கிற ஒருவரைப் பார்த்து ‘குடித்திருக்கிறான்’ என்று முடிவு கட்ட இந்தச் சமூகத்துக்கு ஒரு நிமிடம் போதும். அவர் சேரிக்காரர் என்று தெரிந்தால் அந்த நிமிடமும் தேவையில்லை. மேஸ்திரி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார், ரோந்து போலீஸ் வண்டியில் ஏற்றும். அவருக்கு ஹண்டிங்டன் நோய் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

மூளையின் நரம்புச் செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிற பரம்பரை நோய் இது. பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள், குடும்பத்தைச் சுமக்கிற காலத்தில் தொடங்குகிறது. கைகால் தானாக உதறும், பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், சோறு தொண்டையில் அடைக்கும். 15, 20 ஆண்டுகள் நீளும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. குணப்படுத்த மருந்து கிடையாது. உதறலைக் குறைக்கும் மாத்திரைகள் மட்டும் உண்டு.

மருந்து இல்லை என்றதும் மருத்துவமனையில் சொல்வது ஒன்றுதான்: ‘வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.’ எந்த வீட்டில், தோழர்களே? நோய் எல்லாச் சாதியிலும் வருகிறது. வசதியுள்ளவர்கள் ஹோம் நர்ஸ் வைத்துக்கொள்கிறார்கள். ஒற்றை அறை வீட்டில் மனைவி கூலி வேலையை விடுகிறார், அடுத்து மகள் படிப்பை விடுகிறாள். நாளை அதே நோய் தனக்கும் வருமோ என்று பயந்துகொண்டேதான் அவள் அப்பாவுக்குச் சோறு ஊட்டுகிறாள்.

நாங்கள் கேட்பது ஒரு ஆள். ஆங்கிலத்தில் கேஸ் மேனேஜர் என்பார்கள். (கேஸ் என்றாலே நம் சனத்துக்கு போலீஸ் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.) ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஒரே பொறுப்பாளர். விழுங்க முடியாமல் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவதற்கு முன்பே கஞ்சியை எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்று காட்டித்தருபவர். உடம்பு இளைத்துக்கொண்டே போகும் நோய் இது, அதற்கேற்ற சாப்பாட்டுக்கு வழி செய்பவர். நோயாளி தற்கொலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதைப் புலம்பல் என்று தள்ளாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகிறவர். மரபணுப் பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது 18 வயது நிறைந்த பிள்ளைகளின் சொந்த முடிவு, அதில் கல்யாண பேச்சுக்காரர்கள் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வீட்டுக்குள்ளேயே வாதாடுகிறவர். ‘பிறப்பிலேயே வந்தது’ என்று முத்திரை குத்திப் பழகிய நாட்டில் இந்த ரகசியம் காப்பது சின்ன வேலை அல்ல.

இது நடக்காத காரியமா? பிரிட்டனில் ஹண்டிங்டன் நோய்ச் சங்கம் இதற்கென்றே தனி ஆலோசகர்களை வைத்திருக்கிறது. இங்கே 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகர், பிரஷர் மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவருகிறது, பிசியோதெரபியும் தருகிறது. வாசல்வரை வரும் அந்த ஊழியருக்கு இந்த நோயைப் பற்றிப் பயிற்சி கொடுங்கள், அதற்குரிய சம்பளத்தையும் கொடுங்கள். தொண்டு என்ற பெயரில் இன்னொரு ஏழைப் பெண்ணின் உழைப்பைச் சுரண்டுவதற்கு நாங்கள் ஆதரவு தர மாட்டோம்.

ஏழைகளிடம் வாங்க மட்டும் உலகத்துக்குத் தெரியும். வெனிசுலாவின் மரக்கைபோ ஏரிக்கரையில் இந்த நோய் குவிந்திருக்கிற ஏழைக் குடும்பங்கள் ரத்தம் கொடுத்தன. அதை வைத்துத்தான் 1993-இல் இந்த நோயின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் வறுமையில்தான் கிடக்கின்றன.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ‘நாள்பட்ட நரம்பியல் நிலைகள்’ என்று இருக்கிறது. பார்க்கின்சனும் மல்டிபிள் ஸ்க்லிரோசிசும் அங்கே உதாரணங்கள்தான், ‘போன்ற’ என்ற சொல் இருக்கிறது. ஹண்டிங்டன் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அந்தச் சொல்லைக் காட்டுங்கள். 40 சதவீதச் சான்றிதழ் கிடைத்தவருக்கு 38-ஆம் பிரிவின்படி அதிக ஆதரவு கேட்டு விண்ணப்பிக்கலாம். அவரே வர வேண்டியதில்லை, அவர் சார்பில் வேறொருவரோ ஒரு அமைப்போ விண்ணப்பிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. பராமரிப்பவருக்கான உதவித்தொகையை 24-ஆம் பிரிவு பேசுகிறது. மாணவர் அமைப்பு வைத்திருக்கிறவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு அந்த மனுவோடு போங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.