வார் வளையம்

ஸ்ரீபெரும்பூதூர் என்று சொன்னால் நம் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உடையவர் அவதரித்த ஸ்தலம் அல்லவா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் மோட்டார் வண்டிகள்தாம் ஞாபகத்துக்கு வருகின்றன. அதில் தவறொன்றும் இல்லை. 1998-ம் வருஷத்தில் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் தயாராகத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் அங்கே உருவாகலாயின. ஏரியும் வயலுமாக இருந்த வழியில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தொழிற்சாலை மதில்கள் எழுந்து நிற்கின்றன.

இந்தச் சாலையில்தான் சில மாதங்களுக்கு முன் நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. பாடம் மிகவும் சிறியது. அதன் நீளம் 80 மில்லிமீட்டர். அகலம் 12 மில்லிமீட்டர்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் மருமானைப் பார்க்கப் போயிருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கும் அவசரத்தில் நம்முடைய தோல்பை கம்பியில் மாட்டி, பையின் வார் வளையம் ஒன்று அறுந்துவிட்டது. வார் வளையம் என்பது இன்னதென்று நேயர்களில் சிலருக்கு உடனே விளங்காமல் இருக்கலாம். இடுப்பு வாரிலும், கைக்கடிகார வாரிலும், பையின் வாரிலும் பக்கிளுக்கு அடுத்தாற்போல் ஒரு சிறு தோல்பட்டை வளைந்து கிடக்கும். வாரின் நுனி அதற்குள் நுழைந்து அடக்கமாக இருக்கும். அந்த வளையம் உள்ளவரையில் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அறுந்துபோனாலோ, வார் நுனி வெயில்காலத்து நாயின் நாக்கைப் போல் வெளியே தொங்கிக்கொண்டு போகிற இடமெல்லாம் மானத்தை வாங்குகிறது.

கூட்டுரோட்டுக்குச் சற்று அப்பால் ஒரு மரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரே தொழிலாளர்களின் கனத்த பூட்ஸுகள் இரண்டு மூன்று ஜோடி கிடந்தன. பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"புது வளையமே போட்டுடறேன், சார். கைத்தையல். 80 ரூபாய் ஆகும்."

"என்ன பெரியவரே, விரல் நீளத் தோலுக்கு 80 ரூபாயா?" என்றோம் நாம்.

அவர் பதில் சொல்லவில்லை. நாம் பையை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தோம். பேரம் பேசும் கலையில் இதுதான் கடைசி அஸ்திரம் என்பது நேயர்களுக்குத் தெரியும். அஸ்திரம் வீண்போகவில்லை. 50 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். இருபது நிமிஷத்தில் வளையம் தயாராகிவிட்டது. பணத்தை வாங்கி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். நம்மிடத்தில்தான் எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் 30 ரூபாய் மிச்சம் பிடித்த பிரதாபத்தைச் சொன்னோம். ஒரு வாரத்தில் பையின் மற்றொரு வளையமும் அறுந்தது. நம் வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "விரல் நீளத் தோல்தானே? இதை நீங்களே தைத்துவிடுங்களேன். 30 என்ன, 80 ரூபாயும் மிச்சமாகும்" என்றாள். இதற்குமேல் பின்வாங்குவது எப்படி?

சென்னைப் பெரியமேட்டில் தோல்கடைகள் நிறைய இருக்கின்றன. பட்டுப்போல் மிருதுவாக இருந்த ஒரு துண்டை வாங்கிவந்தோம். தண்ணீரில் நனைத்து, மரக்கட்டையில் சுற்றிக் கட்டி வைத்தால் வளைவு நிலைத்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலையில் அவிழ்த்துப் பார்த்தால் தோல் பழையபடி நிமிர்ந்துகொண்டது. பிறகு விசாரித்ததில்தான் தோலில் இரண்டு ஜாதி உண்டு என்று தெரியவந்தது. ஒன்று குரோமிய உப்பினால் பதனிட்டது. 1903-ம் வருஷத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் சோதனை செய்து பரப்பிய முறை இது. இந்தத் தோல் நன்றாக வளையும். ஆனால் வளைத்த வடிவத்தில் நிற்காது. மற்றது மரப்பட்டையாலும் காயாலும் பதனிட்டது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தமிழ்நாட்டில் பதனிட்ட தோல், 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் சீமைக்கெல்லாம் கப்பலேறியது. நனைத்து வளைத்து உலர்த்தினால் அந்த வளைவு அப்படியே நிற்பது இந்தத் தோலில்தான். அதன் விளிம்பை ஈரமாக்கித் துணியால் தேய்த்தால் பளபளப்பும் ஏறும். வளையத்துக்கு வேண்டியது இதுவே.

இரண்டாவது தடவை சரியான தோலை வாங்கி அளவெடுத்தோம். வாரின் அகலம் 25 மில்லிமீட்டர். தடிப்பு 3. வளையத்துக்குள் வார் இரண்டு மடிப்பாகக் கிடக்கவேண்டும்; ஆகவே உயரம் 6. சுற்றளவு 62. ஒன்றின்மேல் ஒன்று படிந்து தைப்பதற்கு 10 சேர்த்து, 72 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டோம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நாம் கெட்டிக்காரர் என்று பெயர். தைத்து முடித்த வளையத்துக்குள் வார் நுழையவே இல்லை! வளையத் தோலுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு உண்டு, வளையும்போது அந்தத் தடிப்பும் நீளத்தைத் தின்னும் என்பது கணக்குப் புஸ்தகத்தில் இல்லை. அதற்கு ஒரு 6, வார் தாராளமாகப் போய்வர ஒரு 2, ஆக 80 மில்லிமீட்டர் வேண்டும்.

முயன்று பார்க்க விரும்பும் நேயர்களுக்காக மற்றதையும் சொல்லிவிடுகிறோம். 80-க்கு 12 என்ற அளவில் தோலை வெட்டிக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் 10 மில்லிமீட்டர் தூரத்துக்குக் கூரிய கத்தியால் பாதித் தடிப்புக்குச் சீவுங்கள். ஒரு முனையில் அடிப்பக்கத்தையும், மறு முனையில் மேற்பக்கத்தையும் சீவவேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரே தடிப்பாகிவிடும். பிறகு ஒவ்வொரு முனையிலும் வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு துளைகள் குத்தூசியால் குத்தவேண்டும். துளைக்குத் துளை 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். விளிம்பிலிருந்தும் அவ்வளவே தள்ளியிருக்கட்டும். தோல் தட்டையாக இருக்கும்போதே துளையிட்டுவிடுவது நல்லது. வளைத்த பிறகு குத்தினால் ஊசி விரலில்தான் இறங்கும். அநுபவத்தில் சொல்லுகிறோம்.

ஒரு முழ நூலைத் தேன்மெழுகில் நாலைந்து முறை இழுத்து, அதன் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு ஊசி கோத்துக்கொள்ளவேண்டும். முதல் துளையில் நூலை நுழைத்து, இரு பக்கமும் சம நீளம் இருக்கும்படி இழுங்கள். அடுத்த துளையில் ஓர் ஊசி வெளியிலிருந்து உள்ளே போகிறது. மற்றது அதே துளையின் வழியாக உள்ளேயிருந்து வெளியே வருகிறது. இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பிறகு இரண்டையும் ஒரே சீராக இழுக்கவேண்டும். ஆறு துளையும் முடிந்ததும் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து நூலை அறுத்துவிடலாம். கடைசியில் வளையத்தை நனைத்து, வாரின் அளவுள்ள கட்டையில் மாட்டி, ஓர் இரவு உலரவிட்டால் வடிவம் நின்றுவிடும்.

எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இரண்டாவது வளையத்தில் நாம் நூலைப் பலமாக இழுத்தோம். நூல் தோலை அறுத்துக்கொண்டு விளிம்புக்கு வந்துவிட்டது. மூன்றாவதில் இரு முனைத் துளைகளும் ஒன்றுக்கொன்று நேராக அமையவில்லை, வளையம் கோணிக்கொண்டது. நாலாவது நாள் மாலை நாலாவது வளையந்தான் வளையம் என்று சொல்லும்படி அமைந்தது. ஆறு துளைக்கு நாலு மாலைப்பொழுது. 80 ரூபாயை மிச்சம் பிடிக்க நாம் தோலுக்கும் ஊசிக்கும் நூலுக்குமாகச் செலவிட்டது 600 ரூபாய்க்கு மேல்.

யந்திரத்தில் தைத்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்குமே என்று கேட்கலாம். யந்திரத் தையலில் மேல் நூல் ஒன்றும் கீழ் நூல் ஒன்றும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன. ஓரிடத்தில் நூல் தேய்ந்து அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர ஆரம்பிக்கும். இரட்டை ஊசிக் கைத்தையலிலோ ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்து நூலும் குறுக்கே போயிருக்கிறது. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். 80 ரூபாய் என்று அந்தப் பெரியவர் சொன்னது விரல் நீளத் தோலின் விலை அல்ல. அந்தப் பிடிப்பின் விலை.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கும் கைவேலையின் மகிமை தெரியாததல்ல. புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியில் தூரிகை பிடித்துக் கையாலேயே பொற்கோடுகள் இழுப்பதைப் பெருமையாகச் சொல்லி அந்த நிறுவனம் வண்டி விற்றிருக்கிறது. உயர்ந்த ரகக் கார்களில் திருப்பும் சக்கரத்தின் தோலுறை கையால் தைத்தது என்றால் அதற்குத் தனி மதிப்பு. லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் அங்கே கைத்தையலுக்குப் பேரம் பேசுவதில்லை. மதிலுக்கு வெளியே மரத்தடிக்கு வந்தவுடன் அதே கைத்தையல் விரல் நீளத் தோலாகிவிடுகிறது.

ஏன் இப்படி? நம் போன்ற குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக யாரும் தோலைத் தொட்டு வேலை செய்ததில்லை. தொடுகிறவர்களை ஊருக்கு வெளியே வைத்தோம். செய்து பார்த்திராத வேலைக்கு விலை எப்படித் தெரியும்? மார்கழியில் சபாவுக்குப் போய்த் தனி ஆவர்த்தனத்துக்குத் தலையை ஆட்டுகிறோம். அந்த மிருதங்கத்தின் இரு முகமும் தோல். அவற்றை இழுத்துக் கட்டியிருக்கும் வாரும் தோல். அந்தத் தோலைப் பதம் பார்த்து, அறுத்து, வார் பிடித்து நாதம் வரவழைக்கும் கைகள் யாருடையவை என்று சபையில் எத்தனை பேர் விசாரித்தோம்? 2020-ல் டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் ஸன்ஸ்' என்று ஒரு புஸ்தகமே எழுதி அந்தக் கைகளைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது.

வழிகாட்டிகள் இல்லாமல் போகவில்லை. ஒதுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து மேல்கோட்டைக் கோயிலில் பிரவேசிக்கச் செய்தார் உடையவர் என்று வைஷ்ணவ மரபு கூறுகிறது. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் பாரிஸ்டர் காந்தி, நண்பர் காலன்பாக்கிடம் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். தம்மைச் சிறையிலிட்ட ஸ்மட்ஸுக்கு, சிறையில் தம் கையால் தைத்த ஜோடி ஒன்றை 1914-ல் பரிசளித்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகாலம் அணிந்து, 1939-ல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளையொட்டித் திருப்பி அனுப்பினார்.

இன்று இருங்காட்டுக்கோட்டையில், காலணி வடிவமைப்புக்கென்று மத்திய சர்க்கார் ஏற்படுத்திய கல்வி நிறுவனத்தின் கிளை நடக்கிறது. 2017-ம் வருஷத்துச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் அது. பட்டம் பெற்று வெளிவரும் பிள்ளைகளை யாரும் குறைவாக எண்ணுவதில்லை, எண்ணவும் கூடாது. அங்கிருந்து ஒரகடத்து மரத்தடி வெகு தூரமில்லை. தோல் ஒன்று, ஊசி ஒன்று. மரியாதைதான் இரண்டாக இருக்கிறது.

போன வாரம் மறுபடியும் ஒரகடம் போனோம். நாம் தைத்த வளையத்தைப் பெரியவரிடம் நீட்டினோம். அவர் மேற்பக்கத்தைப் பார்க்கவில்லை. திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு இழுத்தார்.

"நூலை ஒரே மாதிரி இழுக்கலை, சார். ஆனா தாங்கும்."

கலாசாலையில் பட்டம் வாங்கிய நாளில்கூட நாம் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. 30 ரூபாயை எடுத்துக் கொடுத்தோம்.

"இது எதுக்கு, சார்?"

"அன்றைய பாக்கி. நீங்கள் கேட்டது 80 அல்லவா?"

"பேசினது 50-தானே?"

"நியாயமாக 80-தான் பெறும், பெரியவரே. அன்றைக்கு 50-க்கு ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?"

அவர் பூட்ஸின் அடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "மணி பன்னிரண்டு ஆயிடுச்சு, சார். அதுவரைக்கும் போணி ஆகலை."

கண்ணில் ஒற்றிக்கொண்டது எதற்கென்று நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. 30 ரூபாயை அவர் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை கண்ணில் ஒற்றவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பூட்ஸைக் கையில் எடுத்தார்.