பண்டிகைப் பலகாரமும் உடலென்னும் முதலும்

தீபாவளிக்கு முன் இரவு பகலாய்த் தறியில் உழைக்கும் நெசவாளர் பலர், போனஸ் கைக்கு வந்ததும் எண்ணெய்ப் பலகாரத்திலேயே சில நாள் கழிக்கின்றனர். உடனே தொடர்வது கந்த சஷ்டி விரதம். திருப்பரங்குன்றத்துச் சூரசம்ஹாரம் வரை ஆறு நாள் வயிற்றைச் சுருக்குவோரும் அவர்களுள் உளர். பெருந்தீனியும் பட்டினியும் அடுத்தடுத்து வரின் உடல் தாங்குமா? நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் விரதம் இருத்தல் ஆபத்தாகும்.

நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. 2,000 கலோரி உண்பவர் உணவிற் சேர்க்கும் சர்க்கரை, நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் அடங்க வேண்டும். 25 கிராமாயின் மேலும் நலம். இது உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் கூறிய அளவு.

பண்டிகையைத் துறக்க யாம் சொல்லவில்லை. பலகாரச் சீட்டு நடத்தும் சங்கங்கள், மைதாவையும் வனஸ்பதியையும் குறைத்து, பேரையூர்ப் பக்கத்துக் குதிரைவாலி, நிலக்கடலை, எள், பயறு ஆகியவற்றை விவசாயிகளிடமே கொள்முதல் செய்து வழங்கலாமன்றோ? வெல்லமும் சர்க்கரையே; அதற்கும் அளவு வேண்டும். உழவர்க்கு விலை, நெசவாளர்க்கு நலம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொணர்வார்களாக!