ஞாபகசக்தியும் வல்லாரைச் சம்பலும்

பரீட்சைக் காலம் அண்மித்துவிட்டால், ஞாபகசக்தியை வளர்க்கும் குளிகைகளைத் தேடிப் பெற்றோர் மருந்துக் கடைகளை நாடுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். கடன்பட்டு வாங்குவோரும் உளர். ஆகவே இவ்வாரம் அதுபற்றிச் சிறிது ஆராய்வோம்.

இக்குளிகைகளைப் புகழ்வோர் ‘ஒட்சியேற்ற எதிரிகள்’ என்று சில பதார்த்தங்களைக் குறிப்பிடுவர். எமது மூளை உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும், உடல் செலவிடும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அதற்கே வேண்டும். விறகு எரியுமிடத்திற் கரி படிவதுபோல, அங்கே கலங்களைத் தாக்கவல்ல மூலக்கூறுகளும் தோன்றுகின்றன. அவற்றைத் தணிக்கும் பதார்த்தங்கள் கீரைகளிலும் கனிகளிலும் தேயிலையிலும் உள. பரிசோதனைக் குழாயில் இஃது உண்மையே. ஆனாற் குழாய் வேறு, குடல் வேறு. உண்டவற்றிற் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் உருமாறிவிடுகின்றது. உணவுகளின் இவ்வாற்றலை அளந்து வெளியிட்ட அட்டவணையை அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2012 இல் நீக்கிவிட்டது. அவ்வெண்களுக்கும் மனிதரின் ஆரோக்கியத்துக்கும் தொடர்பு காண இயலாமையே காரணம்.

மனிதரிடத்து நடத்திய சோதனைகள் கூறுவதென்ன? கிங்கோ மரத்து இலைச்சாற்றை 75 வயதும் அதற்கு மேலுமான 3,069 பேரிடம் அமெரிக்காவிற் சோதித்தனர். மறதி நோயை அது தடுக்கவில்லை என 2008 இல் வெளியாயிற்று.

2023 இல் வெளியான கொக்கோச் சோதனையே எமது சிந்தனைக்கு உரியது. முதியோர் 3,562 பேரில் ஒரு சாராருக்குக் கொக்கோவின் பிளேவனோல் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வீதமும், மறுசாராருக்கு வெறுங்குளிகையும் மூன்றாண்டுகள் கொடுத்தனர். எல்லாரையும் சேர்த்து நோக்கியபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அன்றாட உணவு குறைபாடுடையதாய், பிளேவனோல் குறைவாய் உண்டுவந்தோருக்கு மாத்திரம் ஞாபகம் சற்று உயர்ந்தது. குறைந்த இடத்தை நிரப்பியதேயன்றி, நிறைந்த குடத்தை அது பெருக்கவில்லை. அதுவும் முதியோரிடத்தே, பரீட்சை எழுதும் பிள்ளைகளிடத்தன்று. (சொக்கிளேற்று வாங்க இதனைச் சாட்டாகக் கொள்ளும் இளைஞருக்கு ஒரு சொல்: சொக்கிளேற்றாகப் பதப்படுத்துகையில் அப்பதார்த்தத்தின் பெரும்பங்கு அழிந்துவிடுகின்றது. அச்சோதனைக்குப் பொருளுதவி செய்தோருள் சொக்கிளேற்று நிறுவனம் ஒன்றும் உண்டு.)

எம்மவர் போற்றும் வல்லாரையின் நிலை யாது? 2017 இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று, அது அறிவாற்றலை உயர்த்தும் என்பதற்கு வலுவான சான்று இல்லையென்றும், விழிப்புணர்வை ஓரளவு கூட்டக்கூடுமென்றும் கூறுகின்றது. இதனால் வல்லாரையைத் தள்ளிவிடுவார் உளராயின், அவரோடு நாம் உடன்படோம். மருந்தெனக் கொள்ளாவிடினும் அது நல்ல கீரை. காலையில் வெறுந்தேநீரோடு பள்ளிக்கு ஓடிவரும் பிள்ளைக்குக் குறைவது குளிகையன்று, உணவே. ஈரநிலத்திற் படர்வதாகையாற் பன்முறை கழுவி, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்தால் சம்பல் ஆயிற்று. ஒரு புட்டிக் குளிகையின் விலைக்கு எத்தனை பிடி வல்லாரை வாங்கலாம் என்பதை இல்லத்தரசிகளே கணக்கிட்டுக் கொள்வார்களாக.