கரிக்கும் தண்ணீருக்கு கரி பில்டர் போதுமா? காசு கொடுக்கும் முன் யோசிங்க!

இரும்பை:-

போர்வெல் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தால் குடும்பத்துக்கு முதல் செலவு கேன் தண்ணீர். அடுத்த செலவு பில்டர். விழுப்புரம் மாவட்டம் இரும்பை முதல் மரக்காணம் உப்பளம் வரை கூலி வேலையை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது சின்ன தொகை இல்லை.

"கரி பில்டர் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்ற நம்பிக்கை பலரிடம் உள்ளது. உண்மை என்ன?

அழுக்கை தின்னும் பாக்டீரியா

கொட்டாங்குச்சியை கரியாக்கி, கடும் சூட்டில் நீராவி செலுத்தினால் அதில் கண்ணுக்கு தெரியாத துளைகள் ஏராளமாக உண்டாகும். ஒரு கிராம் கரிக்குள் 500 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கும். தண்ணீரில் உள்ள நாற்றம், நிறம், பூச்சி மருந்து எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

நாளாக நாளாக துளைகள் அடைத்துவிடும். இதற்காக பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் கரி மேல் நல்ல பாக்டீரியாவை வளர விடுகிறார்கள். தண்ணீரில் கரைந்த அழுக்கை அது தின்று தீர்ப்பதால் கரி பல ஆண்டு உழைக்கும். முதலில் ஓசோன் வாயு செலுத்தினால் அழுக்கு சின்ன சின்னதாக உடைந்து பாக்டீரியாவுக்கு தீனியாகும். குளோரினை கடைசியில்தான் கலக்க வேண்டும். முன்னாடியே போட்டால் பாக்டீரியா செத்துவிடும்.

ஆப்பிரிக்காவில் உள்ள நமீபியா நாட்டின் தலைநகர் விண்ட்ஹோக்கில் 1968-ம் ஆண்டு முதல் கழிவுநீரை சுத்தம் செய்து குடிநீராக்குகிறார்கள். அங்கு 2002-ல் வந்த புதிய நிலையத்தில் இந்த கரி படுகையும் உண்டு.

நம்ம சென்னைக்கும் இந்த தந்திரம் புதுசல்ல. கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் தொடங்கிய மணல் வடிகட்டிகளிலும், மணல் மேல் படரும் நுண்ணுயிர் படலம்தான் தண்ணீரை சுத்தம் செய்தது.

உப்பு மட்டும் போகாது

இங்கேதான் சிக்கல். தண்ணீரில் கரைந்த உப்பு கரியில் ஒட்டாது. பாக்டீரியாவும் அதை தின்னாது. எத்தனை கரி பில்டர் வைத்தாலும் கரிக்கும் தண்ணீர் கரித்துக்கொண்டேதான் இருக்கும்.

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் ஆர்.ஓ. மெஷின் வேண்டும். இல்லை, வேறு இடத்து நல்ல தண்ணீர் வேண்டும். மீஞ்சூரில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் தொடங்கிய கடல்நீர் நிலையங்கள் தலா 10 கோடி லிட்டர் தயாரிக்க கட்டப்பட்டவை. இரண்டிலும் ஆர்.ஓ. முறைதான்.

ஆர்.ஓ.விலும் தொல்லை உண்டு. வீட்டு மெஷினில் குடிநீரை விட கழிவு நீரே பெரும்பாலும் அதிகம் வரும். அந்த உப்பு கழிவை கிணற்றடியில் கொட்டினால் நிலத்தடி நீர் மேலும் கெடும்.

வீட்டு கரி பில்டரிலும் உஷார் தேவை. காலாகாலத்தில் கரியை மாற்றாவிட்டால் கெட்ட கிருமிகள் குடியேறும். பெரிய நிலையங்களில் படுகையை அடிக்கடி கழுவி, கடைசியில் குளோரின் போடுகிறார்கள். வீட்டில் அந்த காவல் கிடையாது.

ஏரிதான் காப்பாற்றும்

கரி வடிகட்டிக்கு ஏற்றது ஏரி தண்ணீர்தான். மழைநீரில் உப்பு குறைவு. பாசி வாடை, கலங்கலை மணலும் கரியும் பார்த்துக்கொள்ளும். ஏரி நிரம்பினால் நிலத்தடி நீர் உயர்ந்து, கடல்நீரை உள்ளே விடாமல் தடுக்கும். அளவில்லாமல் போர் போட்டு உறிஞ்சினால் கடல் உள்ளே வரும்.

எனவே முதலில் செய்ய வேண்டியது தண்ணீர் பரிசோதனை. உப்பா, கிருமியா, வாடையா என்று தெரியாமல் பில்டர் வாங்குவது நோய் தெரியாமல் மருந்து சாப்பிடுவது மாதிரி. உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ம் தேதியும் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று. அங்கு ஊர் தண்ணீரின் பரிசோதனை அறிக்கையை மக்கள் கேட்டு வாங்க வேண்டும். அதை பார்த்த பிறகு பணத்தை எடுத்தால் ஏமாற வேண்டியதில்லை.